எண்பத்தேழில் பத்தொன்பது

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு முடிவு வந்தது. திரையைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அது நல்ல சிரிப்பு இல்லை. ஐந்து வருடமாக வயிற்றில் கிடந்த எரிச்சல் வாய் வழியாக வெளியே வந்தது, அவ்வளவுதான். பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கி, "என்ன, இந்தத் தடவையும் பக்கத்து வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

எங்கள் கூடத்தின் முக்கால்வாசி வேலை அதுதான். பிள்ளைக்கு அப்பா யார், கிடைத்த எலும்பு யாருடையது என்று மரபணுவைப் பார்த்துச் சொல்வது. எப்போதாவது ஆய்வுக்கூடங்களிலிருந்தும் குழாய்கள் வரும். அவர்கள் வளர்க்கிற செல் அவர்கள் சொல்கிற செல்தானா என்று சான்று கேட்பார்கள். இப்போதெல்லாம் அந்தச் சான்று இல்லாமல் நல்ல பத்திரிகைகள் கட்டுரையை அச்சிடுவதில்லை.

அன்று வந்த குழாயின் மேல் 'நாலாம் நம்பர்' என்று எழுதியிருந்தது. அந்தச் செல்லோடு எனக்கு எட்டு வருடப் பழக்கம். மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்காவது நோயாளியிடமிருந்து எடுத்தது என்பதால் அந்தப் பெயர். அவர் ஆண். போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. அவருடைய செல் மட்டும் பிளாஸ்டிக் புட்டிகளில் வளர்ந்துகொண்டே இருப்பதாக உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது.

திரையில் இருந்ததோ பெண்ணின் செல். வெகுநாள் வளர்க்கும்போது ஆணின் அடையாளம் உதிர்ந்துபோவது உண்டு என்பதால், மரபணுவில் பார்க்க வேண்டிய பதினாறு இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினாறும் பொருந்தியது ஒரே ஒரு செல்லுடன்தான். அது பாதி ஆய்வுக்கூடங்களில் வளர்கிற கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல். அதன் ஒரு சொட்டு தவறி வேறு புட்டியில் விழுந்தால் போதும், இரண்டு மாதத்தில் அங்கே முன்பிருந்த குடித்தனக்காரரைக் காலி செய்துவிட்டுத் தானே உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் விதிப்படி முடிவு வந்த அன்று மாலையே சான்று போய்விட வேண்டும். விண்ணப்பத்தில் 'பத்திரிகைக்கும் நேரடியாக ஒரு பிரதி' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. நான் அழுத்தவில்லை. அழுத்திவிட்டால் எண்பத்தேழின் முகத்தைப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைக்காதே.

எண்பத்தேழு என்பது, அந்தக் குழாயை அனுப்பிய என் பழைய பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் ஐம்பத்திரண்டு. புதிய கட்டுரை அச்சானால் பெயரும் ஏறும். "அறுபத்திமூணு வருது, போனை உள்ளே வை" என்று நடைபாதையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அவருடைய அறைக் கதவில் பெயர்ப்பலகைக்குக் கீழே கட்டுரைப் பட்டியல் ஒட்டியிருக்கும். இடது பக்கம் நரம்பியல், வலது பக்கம் புற்றுநோய் உயிரியல். நரம்புச் செல்களின் பேச்சைக் கேட்டு மூளைப் புற்றுநோய்ச் செல் இரண்டு மடங்கு வேகமாக வளர்கிறது என்று அவர் கண்டுபிடித்த பிறகு, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வரிசை முளைத்தது. பரிசுகளெல்லாம் அந்த நடு வரிசைக்குத்தான் வந்தன.

நான் அறுபத்தொன்பதில் வெளியேற்றப்பட்டேன். என் ஆய்வேட்டுக்கு அதே சோதனையைத்தான் முதல் படியாகச் செய்ய வேண்டியிருந்தது. செய்தேன். என் கையில் நாலாம் நம்பர் வளரவில்லை. நரம்புச் செல் என்ன பேசினாலும் காதில் வாங்காமல் கிடந்தது. நான்கு முறை செய்தேன், ஒவ்வொரு முறைக்கும் மூன்று மாதம். கடைசியில், "மேடம், ஒரு தடவை செல்லோட அடையாளத்தைப் பார்த்துடலாமா?" என்று கேட்டேன். எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவர் சொன்ன பதில் இது: "செல்லுக்கு ஒண்ணும் ஆகல. உன் கைதான் சரியில்ல. சில பேருக்குக் கை அமையாது, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

மூன்றாவது வாரம் என் மேஜையில் வேறொரு மாணவி உட்கார்ந்திருந்தாள். பட்டம் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அம்மா உறவுக்காரர்களிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தாள். மாமனார் இன்றைக்கும் என்னை, "டாக்டர் ஆகப் போய், பாதியில திரும்பி வந்த மருமக" என்றுதான் அறிமுகப்படுத்துவார். பாசமாகத்தான் சொல்கிறார், அதனால் திட்டவும் முடியாது.

அலுவலக எழுத்தரிடம், "முடிவு பொருந்தலைன்னு மட்டும் சொல்லுங்க. நேர்ல வரச் சொல்லுங்க. என் பேரை எடுக்காதீங்க" என்றேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகப் பதில் வந்தது. சரி, இரண்டு நாள்தானே, ஐந்து வருடம் காத்திருந்தவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் எனக்குக் கொண்டாட்டம். அவருடைய பட்டியலை இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து, எந்தச் செல்லில் செய்தார்கள் என்ற பகுதியை மட்டும் பார்ப்பேன். நாலாம் நம்பர் இருந்தால் ஒரு கோடு. இடது பக்கம் பெரும்பாலும் தப்பித்தது. எலிகளின் நரம்பைப் பற்றி அவர் இளம் வயதில் எழுதிய கட்டுரைகள் இப்போதும் தங்கம்தான், அதை நான் மறுக்க மாட்டேன். சரிபார்க்காமல் எழுதுகிறவராக அவர் எப்போதும் இருந்ததில்லை. அந்த ஆள் எப்படி இந்த ஆளாக மாறினார் என்றுதான் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாக வந்தது. நடு வரிசையில் என் பேனா நிற்கவே இல்லை. ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்தொன்று. கருப்பை வாய்ச் செல்லுக்கு நரம்போடு என்ன ரகசியப் பேச்சு என்று விலாவாரியாகப் படம் போட்டு விளக்கிய எழுபத்திரண்டு. வேறு ஊர் மருத்துவமனையோடு சேர்ந்து எழுதிய எழுபத்தொன்பது. தலைப்பைப் படித்துவிட்டு அதன் மேல் இரண்டு கோடாகப் போட்டேன். மொத்தம் பத்தொன்பது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் என்னை அறியாமல் பாட்டு முணுமுணுத்தேன்.

புதன்கிழமை அவரை வேண்டுமென்றே சின்னச் சந்திப்பு அறையில் உட்காரவைத்தேன். ஜன்னல் இல்லாத அறை. மேஜையில் எப்போதும் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று இருக்கும், தன் பிள்ளை தன்னுடையது இல்லை என்று தெரிந்துகொள்கிறவர்களுக்காக. நான் கோப்போடு உள்ளே போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"நீயா? இங்கயா இருக்கே?"

"ஆமா மேடம். கை சரியில்லாதவங்களுக்கும் எங்கயாவது வேலை கிடைக்கத்தானே செய்யுது."

அவர் கையை நீட்டினார். சான்றைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். முகம் மாறும் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி மனுஷி, ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"ரெண்டு தடவை ஓட்டினியா?"

"ரெண்டு தடவை. மெஷின்தான் ஓட்டுச்சு, என் கை இல்ல. பயப்படாதீங்க."

"வெள்ளிக்கிழமை கமிட்டி இருக்கு, இயக்குநர் பதவிக்கு. இதை அடுத்த வாரம் அனுப்பு. அதுக்குள்ள நான் வேற குழாய் அனுப்பறேன்."

"எந்தக் குழாய்? செல்லை உறைய வைக்கற தொட்டிக்கு அடியில கிடக்குமே, அறுவை சிகிச்சை அன்னிக்கே உறைய வச்ச பழைய குழாய், அதுவா? நான் என் சோதனைக்கு எடுத்தது அதைத்தான் மேடம். புதுப் பெட்டியை உங்க ஆளுங்க யாரும் எனக்குத் தரல. அதனாலதான் எனக்கு மட்டும் வளரல. என் கையில மட்டும்தான் நிஜ நாலாம் நம்பர் இருந்துச்சு. நீங்க பத்தொன்பது கட்டுரை வேற யாரோ ஒரு பொம்பளையோட செல்லைப் பத்தி எழுதியிருக்கீங்க. பத்தொன்பது! நான் எண்ணிட்டேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது. கதவுக்கு வெளியே நடமாட்டம் நின்றது தெரிந்தது. நிற்கட்டும் என்று இருந்தேன்.

அவர் பொறுமையாகக் கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். "பொருந்தலைன்னு போன் வந்ததும் தொட்டியைத் திறந்து பார்த்தேன். நாங்க இத்தனை வருஷமா எடுத்து வளர்க்கறது எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து. முப்பது குழாய், ஒரே நாள்ல உறைய வச்சது. யார் வச்சதுன்னு தெரியாம இருந்துச்சு. இப்ப உன்னைப் பார்த்ததும் ஞாபகம் வந்துடுச்சு."

போனில் பெட்டியின் மூடி. அதில் செல்லின் பெயர், தேதி. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கூடத்தில் ஏழுக்குக் கோடு போடுகிறவள் நான் ஒருத்திதான்.

நான் சேர்ந்து மூன்றாவது மாதம் அது. புதியவர்களுக்கு முதல் வேலை செல்லைப் பெருக்கி உறையவைப்பது. இரண்டு புட்டிகள் என் பொறுப்பில் இருந்தன. ஒன்று நாலாம் நம்பர், இன்னொன்று கை பழகுவதற்காகக் கொடுத்த கருப்பை வாய்ச் செல். ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி ஊட்டநீர்ப் பாட்டில் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். ஒரு நாள் காலையில் நாலாம் நம்பரின் பாட்டில் தீர்ந்திருந்தது. புதியது வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதற்குள் செல் பட்டினி கிடக்குமே என்று மற்றதன் பாட்டிலிலிருந்து ஊற்றினேன். ஒரே ஒரு தடவை. செல் சாகக் கூடாது என்ற அக்கறையில் செய்த காரியம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அடுத்த வாரமே மறந்துபோனேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்க ஆசைப்பட்டதை அவர் பார்த்தார்.

"தப்பு என்னுதுதான்" என்றேன். "ஆனா ஏழரை வருஷமா ஒருத்தர்கூடச் சரிபார்க்கலையே, அது யாருது? நான் பார்க்கலாம்னு கெஞ்சினப்போ வெளிய துரத்தினது யாரு?"

"சரி, அப்படியே ஊருக்குச் சொல்லு. பட்டம் கிடைக்காத கோபத்துல வேணும்னே கலந்துட்டுப் போனான்னு சொல்லுவாங்க. இப்ப அவளே கண்டுபிடிச்ச மாதிரி நடிக்கறான்னு சொல்லுவாங்க. யார் உன்னை நம்புவா?" குரலை இறக்கினார். "உன் ஆய்வேடு இன்னும் அங்கதான் இருக்கு. நான் இயக்குநர் ஆனா அது ஒரு கையெழுத்து. அடுத்த வருஷம் நீ டாக்டர். யோசிச்சுச் சொல்லு."

அவர் மூஞ்சியில் சான்றை விட்டெறிந்திருக்க வேண்டும். நான் சொன்னது, "நாளைக்குச் சொல்றேன் மேடம்." இதை எழுதும்போதுகூட என்னையே அறையலாம்போல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கையில் எண்ணெய்க் கறையோடு பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார். நான் எண்பத்தேழைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், பாட்டிலைத் திட்டினேன். முடித்ததும் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"எல்லாம் சரி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. அந்தச் செல்லை நம்பி யாருக்காவது மருந்து குடுத்தாங்களா?"

"அதெல்லாம் வெறும் கட்டுரைங்க..." என்று ஆரம்பித்தவள் நின்றேன்.

எழுபத்தொன்பது. இரண்டு கோடு போட்டேனே, அது. பையிலிருந்து பட்டியலை உருவினேன். மூளைக் கட்டி நோயாளிகளுக்கு நரம்பின் பேச்சை அடக்குகிற மாத்திரை கொடுத்துப் பார்க்கிற சோதனைத் திட்டம் அது. செவ்வாய்க்கிழமை நான் செல்லின் பெயரை மட்டும் பார்த்தேன், மீதியைப் படிக்கவில்லை. இப்போது படித்தேன். மாத்திரையின் பலன் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வழக்கமான சிகிச்சையை ஆறு வாரம் தள்ளிவைக்கிறார்கள். அந்த நோயில் ஆறு வாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த மருத்துவமனையின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். 'நோயாளிகள் சேர்க்கை நடைபெறுகிறது' என்று பச்சை எழுத்தில் இருந்தது.

அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "எங்க வேலையில இப்படி ஒண்ணு தெரிஞ்சா முதல்ல லிஃப்ட்டை நிறுத்துவோம். யார் நட்டை முறுக்காம விட்டதுங்கற சண்டையெல்லாம் அப்புறம்தான்."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்று கத்தினேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. கத்துவதற்குப் பக்கத்தில் அவர்தான் இருந்தார்.

அப்போதே அந்த மருத்துவமனைக்கு போன் செய்தேன். அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று பதிவுசெய்த குரல் சொன்னது. வியாழக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் கூடத்துக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். சான்று பேராசிரியருக்கும் பத்திரிகைக்கும் போனது. பிறகு மேலாளர் வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சொந்தப் பகை இருக்கற சாம்பிளை நீ தொட்டதே தப்பு, அதையும் மூணு நாள் வச்சிருந்தியா?" என்றார். விசாரணை வரும் என்றார். வரட்டும் என்றேன். அவர் ஒப்புதலோடு, அந்த மருத்துவமனையில் சோதனை நடத்துகிற மருத்துவருக்குச் சான்றின் பிரதியையும் இணைத்துக் கடிதம் எழுதினேன். பெட்டியை உறையவைத்தது நான், ஊட்டநீர்ப் பாட்டிலை மாற்றி ஊற்றியது நான், பெட்டியின் மூடியில் இருப்பது என் கையெழுத்து என்று மூன்று வரி. யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்லி இன்னொரு பக்கம் எழுதினேன், அதைக் கிழித்துப் போட்டேன்.

பத்தரை மணிக்கு எண்பத்தேழு அழைத்தார். வணக்கம்கூட இல்லை.

"உனக்கு என்ன கிடைச்சுது இப்போ? பட்டம் போச்சு, வேலையும் போகப் போகுது. முப்பது வருஷம் நான் கட்டினதை ஒரு பாட்டில் தண்ணியால நாசம் பண்ணிட்டே."

"நான் பண்ணினது ஒரு நாள் தப்பு மேடம். அதுமேல பத்தொன்பது மாடி கட்டினது நீங்க" என்றேன். நல்ல பதில்தான். சொல்லி முடித்து போனை வைத்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. தப்பை ஒத்துக்கொண்டாயிற்று, சரியானதைச் செய்தாயிற்று, இனி வேலை போனாலும் தலை நிமிர்ந்து போகலாம் என்று நினைத்தேன். ஒரு தேநீர் வாங்கிக் குடித்தேன்.

மூன்று மணிக்கு அந்த மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. சோதனையை நடத்துகிற மருத்துவர், ஒரு பெண். களைத்த குரல்.

"உங்க கடிதம் கிடைச்சுது. சேர்க்கையை நிறுத்திட்டோம். ஏற்கெனவே சேர்ந்தவங்களை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுச் சிகிச்சையை மாத்திட்டு இருக்கோம். வெளிப்படையா எழுதினதுக்கு நன்றி. எங்க குழுவுக்கு அறிக்கை அனுப்பணும், அதுக்கு ஒரு விவரம் வேணும். சான்றுல தேதி திங்கட்கிழமைன்னு இருக்கு. எங்களுக்கு வந்தது இன்னிக்கு. முடிவு உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?"

"திங்கட்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு" என்றேன்.

எதிர்ப்பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை ஒரு அம்மாவைச் சேர்த்தோம். அவங்களுக்கு நேத்து கதிர்வீச்சு ஆரம்பிக்க வேண்டியது, தள்ளி வச்சுட்டோம். இப்ப மறுபடி இடம் கிடைக்கப் பத்து நாள் ஆகும். புதன்கிழமை ஒருத்தர். முப்பத்தொரு வயசு. திங்கட்கிழமையே சொல்லியிருந்தா இந்த ரெண்டு பேரும் உள்ள வந்திருக்க மாட்டாங்க. நடுவுல இருந்த மூணு நாள் என்ன ஆச்சு? மெஷின் ஏதாவது பழுதா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அறிக்கையில் ஒரு வரி நிரப்புவதற்காகத்தான் கேட்டார்.

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்றேன்.

"அப்போ காரணம்னு என்ன போடட்டும்?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதை எழுதிக்கொள்ளக் காத்திருந்தார்.